ஒன்பதாம் எண் சட்டை

சேசு மரி சூசை

காரைக்கால்
8 பிப்ரவரி 2026, ஞாயிறு

அன்புள்ள மகள் ஃபானிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் பத்ரிசியாவும் மாதாவின் தயவில் சுகமாக இருக்கிறோம். நீயும் லியோனில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சளி, காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால் இந்தக் கடிதத்தை இப்போது படிக்காதே, உடம்பு தேறிய பிறகு படி, ஏனென்றால் இதில் உனக்கு ஆறுதலாக ஒரு வரியும் இல்லை. நான் சொல்லச் சொல்ல பத்ரிசியா எழுதுகிறாள். என் வலது மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றி வைத்திருக்கிறேன். ஏன் வீங்கியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரிப்பதற்காக நான் எழுதவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ "அம்மா, நான் சொல்றதக் கேளு" என்று ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதத்தின் குறுக்கே நீ பேச முடியாது. செவ்வாய்க்கிழமை பாட்ரிக் மாமா பாரிசுக்குக் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அங்கே போய் உனக்குத் தபாலில் போடுவார். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பென்ஷனுக்காக இந்த வருடத்து உயிர்ச் சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்க மூன்று தடவை அலைந்தார், நேற்று முன்தினம்தான் கிடைத்தது. மாடித் தொட்டி ஒழுகியது, ஆள் வந்து சரிசெய்துவிட்டான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி உன் செய்தி.

போன திங்கட்கிழமை நீ அனுப்பிய புத்தகம் போனில் வந்தது. பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் நாற்பது ஆண்டு வரலாறு, தொகுத்து எழுதியவர் முன்னாள் அணித் தலைவி ஃபானி என்று முதல் பக்கத்தில் பார்த்தவுடன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது, அதற்குள் படித்துவிட்டுச் சந்தோஷப்படு என்று நீ எழுதியிருந்தாய். போனில் எழுத்து பொடியாக இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜவஹர் அலி கடைக்குப் போய் நூற்றுப் பதினாறு பக்கத்தையும் அச்செடுத்தேன். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, திருட்டு கேஸா? யாரு திருடினா?" என்று கேட்டார். எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்து ஐந்தாவது அத்தியாயத்தைத் திறந்த பிறகு புரிந்தது. "திருடப்பட்ட ஒன்பது" என்று கொட்டை எழுத்தில் வைத்திருக்கிறாய். அன்றைக்குச் சோறு வைக்க மறந்தேன் என்றால் பார்த்துக்கொள். அப்பாவும் பத்ரிசியாவும் ரொட்டி தின்றார்கள்.

அந்த அத்தியாயத்துக்கு வருவதற்கு முன்னால் மற்றதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ தப்பு செய்தது அது ஒன்றில் மட்டும் இல்லை. 1986இல் பன்னிரண்டு வீராங்கனைகளோடு அணி தொடங்கியது என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு பேர் காகிதத்தில்தான், பந்தைத் தொட்டவர்கள் ஏழு பேர். பன்னிரண்டு பெயர் இல்லாமல் படிவத்தை வாங்க மாட்டார்கள் என்று எங்கள் கோச் கைலாசநாதன் சார் மீதி ஐந்து பெயரை ஹாஸ்டல் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதினார். அதில் ஒருத்தி தன் பெயர் டீமில் இருப்பது தெரியாமலே படித்து முடித்துப் போய்விட்டாள், நீ அவளையும் "முன்னோடி" என்று போட்டிருக்கிறாய். பல்கலைக்கழகம் பெண்களுக்கு மைதானம் ஒதுக்கித் தந்தது என்று நன்றி சொல்லியிருக்கிறாய். ஒதுக்கித் தந்தது விடிகாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. மழை பெய்த மறுநாள் தேங்கிய தண்ணீரைச் சாக்கால் ஒற்றிப் பிழிந்து ஊற்றிவிட்டு ஆடினோம், நாங்கள் காயவைத்த தரையில் சாயந்தரம் ஆண்கள் ஆடினார்கள். ஏழு பேருக்கு ஐந்து ஜோடி ஷூ. நான் அடுத்த வருடம் சேர்ந்தேன், எனக்கும் நெரவி பங்கஜவல்லிக்கும் கால் ஒரே அளவு, அவள் வெளியே வந்தால்தான் நான் உள்ளே போக முடியும், இரண்டு பேரும் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஷூ மாற்றுவோம், நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இதையெல்லாம் நீ என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆண்டறிக்கையைப் பார்த்து எழுதினால் ஆண்டறிக்கைதான் வரும்.

"பத்துப் பந்து" என்பதைச் சாரின் தண்டனைப் பயிற்சி என்று எழுதியிருக்கிறாய். எங்கள் காலத்தில் அது தண்டனையே இல்லை, அதுதான் எங்கள் பஞ்சாயத்து. டீமில் இரண்டு பேர் சண்டை போட்டால் சார் இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்க மாட்டார். "வாயில பேசாத, கோட்டுல பேசு" என்பார். ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ, கோட்டில் நின்று கூடைக்குள் போட வேண்டும். அதிகம் போட்டவள் சொல்வதுதான் முடிவு, தோற்றவள் மறுபேச்சுப் பேசாமல் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும், சமமாக வந்தால் இன்னும் ஐந்து. யாருக்கு எந்தக் கட்டில், யார் யாருடைய எண்ணெயை எடுத்தாள் என்பது முதல் யார் கேப்டன் என்பது வரை அப்படித்தான் தீர்ந்தது. அதைப் போய்த் தண்டனை என்று எழுதினால் சார் இருந்திருந்தால் உன்னைப் பத்துப் பந்துக்குக் கூப்பிட்டிருப்பார். அப்புறம் 1996 முதல் ஏழு வருடம் மாணவியரின் ஆர்வம் குறைந்ததால் அணி செயல்படவில்லை என்கிறாய். ஆர்வம் குறையவில்லை, ஹாஸ்டல் கேட்டை ஆறரை மணிக்கு முன்னால் திறக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு போட்டார்கள். மைதானம் ஆறரை வரைக்கும்தான் என்று சொன்னேனே, கணக்கு நீயே போட்டுக்கொள். 2003இல் அணி "புத்துயிர் பெற்றது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அது தானாக உயிர் பெறவில்லை. அந்த வருடம் சேர்ந்த ஏழு பேரில் ஐந்து பேர் பங்கஜவல்லி வேலை பார்க்கும் அரசுப் பள்ளியிலிருந்து போன பெண்கள், இரண்டு பேர் கருக்களாச்சேரி மீனவர் வீட்டுப் பிள்ளைகள், அவள்தான் வீடு வீடாகப் போய் அப்பன் ஆத்தாளிடம் பேசி அனுப்பினாள். நீ கேப்டனாக இருந்த 2018 டீமில் நாலு பேர் அவள் பிள்ளைகள். அவர்கள் போட்ட பந்தில்தான் நீ கோப்பை தூக்கினாய். உள்ளரங்கம் கட்ட நன்கொடை கொடுத்தவருக்கு மூன்று பக்கம், படத்தோடு. பங்கஜத்துக்கு ஐந்தாவது அத்தியாயம், திருடி என்று.

நீ அவள் பெயரை அந்த வார்த்தையோடு சேர்க்கவில்லை என்று சொல்வாய். "என் தாய் அடித்த இருபத்து நாலு பாயிண்ட் இன்னொருத்தியின் பெயரில் எழுதப்பட்டது, அந்தச் சான்றிதழில் அவள் ஒரு வாழ்க்கையையே கட்டிக்கொண்டாள், என் தாய் சமையலறைக்குப் போனாள்" என்று எழுதியிருக்கிறாயே, இதற்கு வேறு என்ன அர்த்தம்? கிறிஸ்துமசுக்கு வந்திருந்தபோது கேக் தின்றுகொண்டே சிரித்துச் சிரித்து நான் சொன்ன கதை அது. உன் போன் மேசைமேல் கிடந்தது, அது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் சொன்னதில் சிரிப்பை மட்டும் வெட்டிவிட்டு மீதியை அச்சுக்குக் கொடுத்திருக்கிறாய். சரி, இப்போது சிரிக்காமல் சொல்கிறேன், முழுதாகக் கேள். உன்னை லியோனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பாஸ்போர்ட் 1989இல் என்னை என் பெயரில் நாகூரைத் தாண்ட விடவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி ஆந்திராவில். வயதுச் சான்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது தாத்தாவின் பிரெஞ்சுக் குடும்பப் புத்தகம், நாம் லிவ்ரே என்கிறோமே அதுவும், அந்தச் சிவப்புப் பாஸ்போர்ட்டும். சார் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு வியர்த்துப்போனார். "பிரெஞ்சுக்காரின்னு எவனாவது ஒரு புகார் எழுதிப் போட்டான்னா மொத்த டீமும் அடுத்த ரயிலப் பிடிக்கணும்மா" என்றார். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தால் ஆடக் கூடாது என்று எங்காவது எழுதியிருந்ததா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. பயம் வந்தால் யாரும் விதிப் புத்தகத்தைத் திறப்பதில்லை. இன்றைக்கும் எனக்கு அது எரிகிறது.

பட்டியலில் இருந்தவள் பங்கஜம். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் வாய்க்கால் கரையில் சைக்கிளோடு விழுந்து முழங்கால் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. அவளை யாரும் கேட்கவில்லை, அவளே என் அறைக்கு வந்து அடையாள அட்டையைக் கட்டில்மேல் போட்டாள். "என் ஷூவத்தான் போடுற, பேரையும் சேத்துப் போட்டுக்கடி" என்றாள். ஒன்பதாம் எண் சட்டை அவளுடையது. அதைப் போட்டுக்கொண்டு நான் கோர்ட்டில் இறங்கினேன், அவள் காலில் கட்டோடு பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் மைக்கில் "பங்கஜவல்லி, நம்பர் நைன்" என்று கூப்பிட்டபோது நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். அங்கேயிருந்து அவள்தான் கத்தினாள், "ஏய் பங்கஜம், ஒன்னத்தான்டி!" என்று. இதைத்தான் நான் கிறிஸ்துமசில் சொல்லிச் சிரித்தேன். சிரிக்காத பாகம் இது: இறுதி ஆட்டத்தில் ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது என்று ஜெயித்தோம், பெண்கள் அணிக்கு அதுதான் முதல் கோப்பை, கூட்டம் முழுவதும் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டியது, அவள் தன் பெயர் கீழே ஓடுவதையும் குதிப்பதையும் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளும் கைதட்டினாள். என் பெயர் திருடப்பட்டது என்கிறாய். என் பெயர் என் பெட்டியில் பத்திரமாக இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடியது நான், ஓடியது அவள் பெயர். திருட்டு என்றுதான் எழுதுவேன் என்றால் திருடி யார் என்று சரியாக எழுது.

எனக்கு ஒன்றும் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2018இல் உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தபோது பல்கலைக்கழகக் கண்ணாடி அலமாரியில் 1989 கோப்பையோடு எடுத்த படம் இருந்தது, கீழே பங்கஜவல்லி என்று, முகம் என்னுடையது. இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது. திரும்பும் பஸ்ஸில் காரைக்கால் வரும்வரை அப்பாவோடு பேசவில்லை, அவர் பாவம், தான் என்ன செய்தோம் என்று யோசித்துக்கொண்டே வந்தார். ஆனால் அந்த எரிச்சல் என்னுடையது. அதை எடுத்து நீ அடுப்பு மூட்டக் கூடாது. பங்கஜம் அந்தச் சான்றிதழில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, படித்து, உடற்கல்வி ஆசிரியை ஆனாள். போகும் முன்னால் என்னிடம் வந்து கேட்டாள். "இது ஒன் வெளையாட்டு, நான் எடுத்துக்கட்டுமா" என்றாள். நான்தான் எடுத்துக்கொள் என்றேன், எனக்கு அப்போது கல்யாணம் பேசிவிட்டார்கள். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது. உன் புத்தகம் வந்து, யாராவது ஒருவன் அதை ஓர் உறையில் போட்டு அவளுடைய அலுவலகத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? வருடத்துக்கு ஒரு தடவை தான் உயிரோடு இருப்பதை எழுதிக் காட்டி முத்திரை வாங்குகிற மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன் நான். ஒரு காகிதம் ஒரு ஆளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நீ கேட்காமல் எழுதிவிட்டாய். அவளையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. கேட்காமல் எழுதுவது உனக்குப் பழக்கமாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் "படிப்பைப் பாதியில் விட்ட என் தங்கை பத்ரிசியாவுக்கு, அவள் கைவிட்ட கனவுகளுக்காக" என்று போட்டிருக்கிறாயே, அவள் எந்தக் கனவைக் கைவிட்டாள் என்று உனக்கு யார் சொன்னது? வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராத பிள்ளை, பத்தாவதோடு நின்றாள், தையல் கடைக்குப் போகிறாள், நன்றாகத் தைக்கிறாள். இந்த இடத்தை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள். எழுது என்று அதட்டிய பிறகுதான் எழுதுகிறாள்.

ஐந்தாவது அத்தியாயத்தைக் கிழித்துப் போடு என்று எழுதத்தான் வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் பங்கஜத்திடம் ஒரு வார்த்தை சொல்லி, பயப்படாதே, நான் எடுக்கச் சொல்கிறேன் என்று தைரியம் கொடுத்துவிட்டு வரலாம் என்று நேற்றுக் காலையில் அச்செடுத்த தாளோடு பத்ரிசியாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் நெரவிப் பக்கம் போனேன். சனிக்கிழமை பயிற்சி, பள்ளி கோர்ட்டில் இருபது பிள்ளைகள். அவள் கழுத்தில் விசிலோடு நின்றபடியே பதினொரு பக்கத்தையும் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு, "ஒன் பொண்ணுக்குக் கோவம் வந்தா தமிழ் நல்லா வருதுடி" என்றாள். நான் எடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும்" என்றாள். எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். பென்ஷன் போய்விடும் என்றேன். "அது என் பென்ஷன்" என்றாள். நீ பைத்தியமா என்று கத்தினேன், பிள்ளைகள் எல்லாம் பந்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக் கம்பத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "ஆபீஸ் ரூமுல அந்த சர்டிபிகேட்ட ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சிருக்காங்க, நானா மாட்டல. வருஷா வருஷம் புதுசா சேர்ற புள்ளைங்க அதப் பாத்துட்டு ஓடி வருதுங்க. டீச்சர், ஃபைனல்ல இருபத்து நாலு பாயிண்ட்டா டீச்சர்னு கேக்குதுங்க. ஆமாங்கறேன். இத்தன வருஷமா ஆமா, ஆமான்னு சொல்லிச் சொல்லி வாயி கசந்துபோச்சுடி. போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ இல்லன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றாள். நீ சொல்ல வேண்டாம், நான் சம்மதித்துக் கொடுத்தது, என் வாயால் எடுத்துக்கொள் என்று சொன்னது, அதை நீ இப்போது திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றேன். "நீ குடுத்தே, நான் வாங்குனேன். வாங்குனவளுக்குத்தான தெரியும் கனம்" என்றாள். நான் விடவில்லை, அவளும் விடவில்லை, இரண்டு பேரும் அறுபதை நெருங்குகிறவர்கள், பிள்ளைகள் முன்னால் சேலை நழுவுவது தெரியாமல் சண்டை போட்டோம். கடைசியில் அவள் விசிலை எடுத்து ஊதினாள். "பத்துப் பந்து" என்றாள்.

மறுக்க முடியாது, ஃபானி. அது எங்கள் சட்டம். நான் ஜெயித்தால் அத்தியாயம் போய்விடும், அவள் வாயைத் திறக்கக் கூடாது. அவள் ஜெயித்தால் அவள் சொல்வது. கோட்டுக்குப் பக்கத்தில் பத்ரிசியாவை உட்கார வைத்துக் கையில் பேனா கொடுத்தோம், அவள்தான் கணக்கு. நான் கடைசியாகப் பந்தைத் தொட்டது நீ வயிற்றில் வருவதற்கு முன்னால். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். முதல் மூன்றும் ரிங்கைக்கூடத் தொடவில்லை, ஒரு பொடிப்பெண் கிளுக்கென்று சிரித்தாள், பங்கஜம் அவளை முறைத்தாள். நாலாவதில் கை ஞாபகப்படுத்திக்கொண்டது. அதையும் சேர்த்துக் கடைசி ஏழில் ஆறு உள்ளே போனது, பிள்ளைகள் சிரிப்பதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள். ஒரு பிள்ளை, "டீச்சர், யாரு டீச்சர் இவங்க" என்று கேட்டது. பங்கஜம் என்ன சொன்னாள் தெரியுமா, "பொறு, சொல்றேன்" என்றாள். பிறகு அவள் போட்டாள். தினமும் கோர்ட்டில் நிற்கிறவள், எனக்கு இது அநியாயம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது பந்தில் ஆறு. பத்தாவதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், முழங்கால் மடங்கவில்லை, அந்தப் பழைய முழங்கால்தான், உடம்பை முன்னால் தள்ளிப் போட்டாள். போர்டில் பட்டு ரிங்கில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. ஏழு. இறுதி ஆட்டத்தில் இருபத்து நாலு பாயிண்ட் அடித்தவளை, அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் ஜெயித்துவிட்டாள். நான் பந்தைப் பொறுக்கப் போனேன். பிள்ளைகள் உதவிக்கு வந்தார்கள், வேண்டாம், தோற்றவள்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் இருபது பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். நான் வேண்டுமென்றே மெதுவாகப் பந்தைப் பொறுக்கினேன். மணிக்கட்டு வீங்கியது இப்படித்தான். சிரிப்பதென்றால் இப்போது சிரித்துக்கொள்.

ஆகவே அத்தியாயத்தை எடு என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, அந்த ஆத்திரத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆனால் நீ எழுதியது வராது. பங்கஜம் சொன்னது வரும். நேற்றுச் சாயந்தரம் அவள் தன் கையாலேயே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள், இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே, அழகுபடுத்தாதே, தலைப்பு வைக்காதே. அவள் இன்னொன்றும் சொன்னாள், புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்ன மாதிரி இருக்கக் கூடாது, முதலில் மேலிடத்துக்குத் தானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று. நாளைக்கு அவளோடு நானும் போகிறேன். என்ன கேட்டாலும், பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டவள் நான் என்று சொல்லப் போகிறேன், பாஸ்போர்ட்டையும் லிவ்ரேயையும் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன். அவர்கள் அவளை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் தூக்கம் வரவில்லை. அவளுக்குப் பதில் வந்து, சரி, இப்போது போடு என்று அவள் வாயால் சொல்லும்வரை அந்தப் புத்தகம் அச்சுக்குப் போகக் கூடாது. இருபதாம் தேதி என்று யாராவது அவசரப்படுத்தினால் காத்திருக்கச் சொல். நாங்கள் முப்பத்தேழு வருடம் காத்திருந்தோம், அவர்களுக்கு இரண்டு மாதம் ஒன்றும் கெட்டுவிடாது. மற்ற அத்தியாயங்களில் நான் சொன்னவற்றைத் திருத்து. கருக்களாச்சேரிப் பெண்கள் இரண்டு பேரின் பெயரையும் பங்கஜத்திடம் கேட்டு எழுது, கேட்டு என்கிற வார்த்தையின் கீழே பத்ரிசியாவைக் கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

கோபமாக எழுதினேன் என்று சாப்பிடாமல் கிடக்காதே. குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. பாட்ரிக் மாமாவிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் நண்டுப் பொடியும் கொடுத்திருக்கிறேன், போய் வாங்கிக்கொள், தபாலில் போடச் சொன்னால் வழியிலேயே உடைந்து ஒழுகும். சாம்பல் புதன் பதினெட்டாம் தேதி, ஞாபகம் வைத்துக்கொள், கோவிலுக்குப் போ. போனமுறை மாதிரி தைராய்டு மாத்திரை தீர்ந்து பத்து நாள் கழித்து வாங்காதே. அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுக்கச் சொன்னார், காகிதத்தில் எப்படிக் கொடுப்பது என்று நான் கேட்டேன், எழுது, அவளுக்குப் புரியும் என்றார். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் கையைக் கொஞ்சம் அடக்கியும் வைக்கட்டும். அடுத்த முறை வரும்போது ஒன்பதரை அளவில் இரண்டு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு வா. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. அவளோடு எனக்கு இன்னும் ஒரு பத்துப் பந்து பாக்கி இருக்கிறது.

இன்னும் கோபம் தீராத உன் அம்மா,
ழோசெத்

அக்கா, இது தாளின் பின்பக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா படுத்துவிட்டாள், கவர் ஒட்டுவது நான், அதனால் இதை அவள் பார்க்க மாட்டாள். டீச்சர் பத்தாவது பந்தைப் போட்டபோது அவர் இடது கால் கோட்டைத் தாண்டிவிட்டது. பந்து ரிங்கைத் தொடுவதற்கு முன்னாலேயே தாண்டிவிட்டது. அது டீச்சருக்குத் தெரியாது, அவர் பந்தைத்தான் பார்த்தார். அம்மாவும் பந்தைத்தான் பார்த்தாள். பிள்ளைகளும் அப்படித்தான். நான் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பந்து கணக்கில் வராது என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் நீதான் சொல்லிக்கொடுத்தாய். ஆறுக்கு ஆறு, இன்னும் ஐந்து பந்து போட்டிருக்க வேண்டும். அந்த ஐந்தில் அம்மா ஜெயித்திருப்பாள், அவளுக்குக் கை திரும்பிவிட்டது. டீச்சர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார், அவர் அப்படி மூச்சு விட்டதை நான் பார்த்ததே இல்லை. நான் ஏழு என்று எழுதிக்கொண்டேன். யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. எனக்கும் கோபம் வரும் அக்கா, அம்மா மாதிரி சத்தமாக வராது. அந்தக் கால் விஷயத்தைப் புத்தகத்தில் எழுதாதே. எழுதியே ஆக வேண்டும் என்றால் முதலில் என்னைக் கேள்.

பத்ரிசியா